கூஸ் வாத்துகளுக்கு இறகு கொட்டியபோது: பார்த்ததும் செய்ததும்

எங்கள் பட்டியில் கூஸ் (goose) என்ற பெரிய இன வாத்துகள் நான்கு. வெள்ளச்சி, சாம்பி, புள்ளி என்று மூன்று பெட்டைகள், பீமன் என்று ஒரு ஆண். முட்டைப் பருவம் முடிகிற சமயத்தில் நான்குமே அலங்கோலமாகிவிட்டன. வெள்ளச்சிக்குப் பிடரியில் இறகே இல்லை. சாம்பிக்கு நெஞ்சில் தோல் தெரிந்தது. புள்ளியின் உடம்பு எந்நேரமும் நனைந்த துணி போல ஒட்டிக் கிடந்தது. பீமனின் இறக்கையில் இருந்த நீண்ட இறகுகள் மொத்தமாகக் காணாமல் போயிருந்தன.

ஒரே பட்டி, ஒரே பருவம், எல்லாவற்றுக்கும் இறகு போகிறது. ஒரே நோய்தான், ஒரே மருந்தை எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். நாங்கள் மருந்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பிடித்து, இறகை விலக்கித் தோல் வரை பார்த்தோம். நான்குக்கும் காரணம் வேறு வேறாக இருந்தது. அதில் இரண்டின் இறகு இழப்புக்கு மருந்தே தேவைப்படவில்லை. என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

பிடிப்பதும் பார்ப்பதும்

கூஸ் வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. உடம்பின் கனத்துக்குக் கால் பலவீனமானது, மூட்டு விலகிவிடும். ஒரு கையால் கழுத்தின் அடிப்பகுதியை இறுக்காமல் பிடித்து நிறுத்தி, மறு கையால் இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்து அணைத்து, கைக்கடியில் இடுக்கிக்கொள்ள வேண்டும். தலை நம் முதுகுப் பக்கம் இருந்தால் முகத்தில் கொத்து விழாது. வாலும் ஆசனவாயும் நமக்கு முன்னால் இருப்பதால் பார்ப்பதற்கும் வசதி.

சாயங்காலம் கொட்டகைக்குள் அடைந்த பிறகு பிடித்தால் துரத்த வேண்டியதில்லை. வெயிலில் ஓடவிட்டுப் பிடித்தால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அப்போது மூச்சில் கோளாறு இருக்கிறதா, ஓடிய களைப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பார்க்க வேண்டும். பிரகாசமான கைவிளக்கு, பூதக்கண்ணாடி, வெள்ளைக் காகிதம், எடை பார்க்கும் கருவி, ஒரு நோட்டு. இவ்வளவுதான் சாமான்.

பார்க்கும் வரிசையை மாற்றாமல் வைத்துக்கொள்வது நல்லது. கண், மூக்குத் துளை, பிடரி, இறக்கைக்கு அடிப்புறம், நெஞ்சு, ஆசனவாயைச் சுற்றி, வாலின் மேல்புறம் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி, கடைசியாகப் பாதம். வரிசை இருந்தால் எதுவும் விட்டுப்போகாது.

இறகு இல்லாத இடத்தில் தோலில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். குழி சுத்தமாகக் காலியாக இருந்தாலோ, அதில் முள் மாதிரி புது முளை தலைகாட்டினாலோ, பழைய இறகு முழுசாகக் கழன்றிருக்கிறது, புதிது வரப்போகிறது. தண்டு பாதியில் முறிந்து குச்சி மட்டும் நின்றால், வெளியிலிருந்து ஏதோ தேய்த்தோ இழுத்தோ ஒடித்திருக்கிறது. இந்த வித்தியாசம் முக்கியம். முழுசாகப் பிடுங்கப்பட்ட இறகுக்குப் பதில் புதிது உடனே முளைக்கத் தொடங்கும். ஒடிந்த இறகோ அடுத்த உதிர்வுக் காலம் வரை அந்தக் குச்சியாகவே நிற்கும். குழிக்குள் அடித்தண்டு இருக்கும்வரை உடம்பைப் பொறுத்தவரை அங்கே இறகு இருக்கிறது.

இறகு இருந்தும் ஓரமெல்லாம் அரிபட்டு, சல்லடைக் கண் போலத் துளைகள் தெரிந்தால் பேன் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

தரையில் விழுந்து கிடக்கும் இறகுகளையும் பெருக்கித் தள்ளிவிடாமல் எடுத்துப் பாருங்கள். தானாக உதிர்ந்த இறகின் அடித்தண்டு காய்ந்து, நிறமில்லாமல், நுனி குவிந்து சுத்தமாக இருக்கும். வளரும்போதே பிடுங்கப்பட்டதில் ரத்தக் கறை தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சில இறகுகளில் குறுக்கே மெல்லிய கோடு ஓடும். அந்த இறகு வளர்ந்த நாட்களில் பறவைக்குத் தீனிக் குறைவோ, நோயோ, பெரிய பயமோ இருந்திருக்கும்; பின்னால் இறகு ஒடிவதும் அந்தக் கோட்டில்தான்.

பீமன்: உடம்பு தானாகச் செய்யும் வேலை

பீமனின் இறக்கையை விரித்ததும் விடை கிடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் காலி. குழிகளில் நீலம் பாரித்த தடித்த முளைகள். தரையில் கிடந்த பெரிய இறகுகள் எல்லாம் சுத்தமான தண்டோடு இருந்தன. வருடாந்திர உதிர்வு.

கோழிக்கு இறக்கை இறகுகள் ஒவ்வொன்றாக, பல வாரங்களில் மாறும். கூஸ் வாத்துக்குப் பறக்கும் இறகுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் விழுந்துவிடும். இனப்பெருக்கக் காலம் முடிந்த பிறகு இது நடக்கும். புது இறகு வளர்ந்து முடிய 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை காட்டுக் கூஸ் வாத்துகளால்கூடப் பறக்க முடியாது, தண்ணீரை ஒட்டியே பதுங்கி இருக்கும். வீட்டில் வளர்ப்பவை இரண்டு காட்டினங்களிலிருந்து வந்தவை. எம்டன், துலூஸ் போன்றவை கிரேலாக் என்ற சாம்பல் நிறக் காட்டினத்தின் வழி. நெற்றியில் புடைப்பு உள்ள சீன, ஆப்பிரிக்க வகைகள் ஸ்வான் கூஸ் வழி. உதிர்வு முறை இரண்டு வழியிலும் இதேதான்.

இந்தச் சமயத்தில் பறவை சற்று ஒதுங்கும், சத்தம் குறையும், கிட்டே வந்தால் மிரளும். பீமனைப் போலச் சண்டைக்காரனே அடங்கிப்போனதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். தீனி எடுக்கிறான், எச்சம் நன்றாக இருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது என்றால் பயப்பட வேண்டியதில்லை.

கவனம் வேண்டியது அந்த முளைகளில். வளரும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் அடிப்பகுதி நீலமாகத் தெரிகிறது. அது எங்காவது இடித்து ஒடிந்தால் குழாய் உடைந்த மாதிரி ரத்தம் வரும். எனவே பீமனுக்காகச் செய்த வேலை எல்லாம் மரவேலையும் கம்பி வேலையும்தான். கொட்டகை வாசலின் தகர ஓரத்தை மடக்கி, மேலே ரப்பர் பட்டை வைத்து மூடினோம். வேலியில் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளை வெட்டி எடுத்தோம். வெட்டிய துண்டுகளைத் தரையில் ஒன்றுகூட விடவில்லை, காந்தத்தை வைத்துத் தேடிப் பொறுக்கினோம். மின்னும் துண்டை கூஸ் வாத்து விழுங்கிவிடும். துத்தநாகம் பூசிய கம்பி வயிற்றுக்குள் கரைந்தால் விஷம். ஈயமும் அப்படித்தான். முளை முற்றும்வரை இறக்கையைப் பிடித்துத் தூக்குவதையும் தேவையில்லாமல் பிடிப்பதையும் நிறுத்திவிட்டோம்.

ஒருவேளை முளை ஒடிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, சோளமாவை வைத்து அமுக்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஒடிந்த தண்டை வீட்டிலேயே பிடுங்குவதை நான் ஏற்க மாட்டேன். வலி ஒருபுறம், குழி கெட்டுப்போனால் அங்கே இறகு கோணலாக வளரும் அபாயம் இன்னொருபுறம்.

சாம்பியின் நெஞ்சு

இது சுலபமானது. சாம்பி அடைக்கு உட்கார்ந்திருந்தாள். முட்டைக்கு மெத்தை போட, கூஸ் பெட்டை தன் நெஞ்சுத் தூவியை, அதாவது உள்ளே இருக்கும் மெல்லிய பஞ்சு இறகை, தானே பிடுங்கிக் கூட்டில் பரப்பும். வெறும் தோல் முட்டையில் படுவதால் சூடும் நன்றாக ஏறும். முட்டை பொரிய 28 முதல் 32 நாள் வரை ஆகும் என்பதால் அதுவரை நெஞ்சு மூடாது. தோல் சிவக்கவில்லை, புண் இல்லை, பேனும் கண்ணில் படவில்லை. எழுந்த பிறகு சில வாரங்களில் தூவி தானாக வந்துவிட்டது.

பார்க்க வேண்டியிருந்தது அவளுடைய எடையைத்தான். அடைகாக்கும் பெட்டை மிகக் கொஞ்சமாகச் சாப்பிடும். நெஞ்சு நடுவில் ஓடும் எலும்பை விரலால் தடவினால் இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். எலும்பு கத்தி முனை போல விரலில் இடித்தால் இளைத்துவிட்டது என்று அர்த்தம். சாம்பி கொஞ்சம் இளைத்திருந்தாள். தீனியையும் தண்ணீரையும் கூட்டிலிருந்து நாலு அடி தள்ளி வைத்தோம். எழுந்து வந்து தின்று, நனைந்து, திரும்பிப் போகும் அளவுக்குத் தூரம் அது. கூட்டுக்குள்ளேயே தண்ணீர் வைத்தால் வைக்கோல் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண வித்து நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் இறங்கினால் பறவையைக் காப்பாற்றுவது மிகக் கடினம். அவள் எழுந்ததும் பழைய வைக்கோலை அப்படியே அப்புறப்படுத்தினோம்.

வெள்ளச்சியின் பிடரி

பிடரியில் முறிந்த குச்சிகள். நடுவே ஒன்றிரண்டு காய்ந்த புண் பொருக்கு. முதுகில் இறக்கை தொடங்கும் இடத்திலும் இறகு தேய்ந்திருந்தது. இது இணை சேரும்போது ஆண் பிடரியைக் கவ்விப் பிடிப்பதால் வருவது. பீமனுக்கு மூன்று பெட்டைகள் இருந்தும் வெள்ளச்சி ஒருத்தியைத்தான் பிடிக்கும். சாம்பி அடையில் உட்கார்ந்துவிட்டாள், புள்ளி உடம்பு சரியில்லாமல் ஒதுங்கிவிட்டாள், பாரம் முழுக்க இவள் மேல் விழுந்தது.

கனத்த இனங்களில் ஒரு ஆணுக்கு 2 முதல் 4 பெட்டை, சீன வகை போன்ற லேசானவற்றில் 4 முதல் 6 என்று வைப்பது வழக்கம். ஆனால் கூஸ் வாத்து கணக்குப் பார்த்துப் பழகுவதில்லை, பிடித்த துணையை விடாது. எனவே எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. யார் யாரோடு திரிகிறார்கள் என்று கவனிக்க வேண்டும்.

பட்டிக்குக் குறுக்கே வலைத் தடுப்பு வைத்துப் பீமனை ஒரு பக்கம் விட்டோம். சுவர் வைத்து மறைக்கவில்லை. இவை ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தால் நாள் முழுக்கக் கத்தும், சாப்பிடாது. வலைக்கு இரு பக்கமும் படுத்துக்கொண்டு பேசிக்கொள்வதைப் பார்க்கையில் பிரித்தது தப்போ என்றுகூட மனசு கலங்கும். ஆனால் திறந்த புண்ணின் மேல் மறுபடி கவ்வினால் சீழ் பிடிக்கும், ஈ மொய்க்கும். பிடரி ஆறும் வரை தடுப்பு இருந்தே ஆக வேண்டும்.

புண்ணுக்குச் செய்தது கொஞ்சம்தான். கொதித்து ஆறிய நீர் அரை லிட்டரில் ஒரு சிறு கரண்டி உப்பைக் கரைத்துப் பொருக்கை நனைத்துத் துடைத்தோம். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தேநீர் நிறத்துக்கு நீர்த்து ஒற்றினோம். களிம்பு எதுவும் பூசவில்லை. எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு பக்கத்து இறகுகளில் பரவி, அவற்றைச் சேர்த்து ஒட்டிவிடும். தண்ணீர் உள்ளே இறங்க வழி திறந்துவிடும். புண் சீக்கிரம் ஆறிவிட்டது. குச்சிகள் மட்டும் அப்படியே நின்றன. அவை உதிர்வுக் காலத்தில்தான் விழும்.

புள்ளிதான் பெரிய வேலை

தண்ணீரிலிருந்து ஏறி வந்ததும் மற்ற மூன்றும் ஒரு உதறு உதறும், நீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். புள்ளி ஏறி வந்தால் அடிவயிறு கருத்து, இறகு கொத்துக் கொத்தாகத் திரிந்து, உள்ளே தூவி வரை நனைந்திருக்கும். வெயிலில் நின்றும் நடுங்கினாள். கூஸ் வாத்துக்கு இது சாதாரண விஷயமில்லை. உடம்புச் சூட்டைக் காப்பதே அந்த உலர்ந்த தூவிதான்.

இறகில் தண்ணீர் ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் எண்ணெய் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இறகின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. பக்கத்து இழையோடு அவை கோத்துக்கொண்டு நெருக்கமான பரப்பாக நிற்பதால் நீர் உள்ளே நுழைவதில்லை. அலகால் கோதிவிடும்போது பிரிந்த கொக்கிகள் மறுபடி கோத்துக்கொள்கின்றன. வால் தொடங்கும் இடத்தில் இருக்கும் சுரப்பியிலிருந்து எடுத்துத் தடவும் எண்ணெய், இறகு காய்ந்து நொறுங்காமல் மிருதுவாக வைத்திருக்கிறது. சேறு, எச்சம், சோப்பு, பேன் எது வந்தாலும் கொக்கிகள் கெடும். சுருள் இறகுள்ள செபஸ்டோபோல் வகையை வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்; அந்த இறகில் இழைகள் சரியாகக் கோப்பதில்லை என்பதால் சீக்கிரம் நனையும், சீக்கிரம் அழுக்காகும்.

புள்ளியின் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கினால் வைக்கோல் நிறத்தில் பூச்சிகள் ஓடின. இறகின் அடித்தண்டில் வெள்ளையாக ஈர். பேன்தான். கூஸ் வாத்தின் பேன் ரத்தத்தைவிட இறகையும் தோல் செதிலையும் நம்பி வாழ்வது; இறக்கை இறகில் ஒட்டிக் கிடக்கும் மெலிந்த வகையும் உண்டு, உடம்பில் விரைந்து ஓடும் பெரிய வகையும் உண்டு. வழக்கமாக ஒரு பறவை நன்றாகக் குளித்து, கோதிக்கொண்டிருந்தால் பேன் இவ்வளவு பெருகாது. பெருகியிருக்கிறது என்றால் அந்தப் பறவைக்குக் கோத முடியவில்லை, அல்லது குளிக்க நல்ல தண்ணீர் இல்லை.

இரண்டாவதுதான் காரணம். குளியல் தொட்டியின் அடியில் விரிசல் விட்டு நீர் கசிந்துகொண்டிருந்தது. காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் கால்வாசிதான் மிச்சம், அதுவும் குழம்பாக. வெளியே கசிந்த நீர் தொட்டியைச் சுற்றிச் சேறாக்கியிருந்தது. மற்ற மூன்றும் காலையிலேயே முந்திக்கொண்டு குளித்துவிடும். கூட்டத்தில் கடைசி இடம் புள்ளிக்கு. அவள் இறங்கும்போது சேறும் எச்சமும்தான் இருக்கும்.

எண்ணெய்ச் சுரப்பியையும் பார்த்தோம். வால் தொடங்கும் இடத்தில் மேல்புறம், நுனியில் சிறு தூரிகை போன்ற இறகோடு இருக்கும். மெல்லிய காகிதத்தை அதன் நுனியில் ஒற்றினால் எண்ணெய்க் கறை பட வேண்டும். மற்ற மூன்றுக்கும் பட்டது, புள்ளிக்கு லேசாகத்தான். வீக்கமோ சீழோ இல்லை. வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சற்று நேரம் வைத்து எடுத்துவந்தோம், பசுங்கீரையும் காரட்டும் தீனியில் கூட்டினோம். வைட்டமின் ஏ குறைந்தால் சுரப்பியின் வாய் தடித்து அடைத்துக்கொள்ளும். கட்டியாகி, தொட்டால் வலித்தால் மருத்துவர்தான் பார்க்க வேண்டும், பிதுக்கக் கூடாது.

பேனுக்கு மருந்து போடும் முன் அவளை உலர்த்த வேண்டியிருந்தது. ஈரத்தில் பொடி களியாகிவிடும். சோப்பில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் சேற்றை அலசி, துண்டில் ஒற்றி, காற்றுப் படாத சூடான இடத்தில் வைக்கோல் மேல் விட்டோம். முழுக்கக் காய்ந்த பிறகு மருத்துவரைக் கேட்டு, பறவைகளுக்கான 0.25 சதவீதப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிப் பொடியை இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பிடரியிலும் விரலால் தோல்வரை தேய்த்தோம். கண், மூக்கு, அலகுப் பக்கம் போகவே இல்லை. நாங்களும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டோம். அன்று முழுக்கத் தொட்டிக்கு விடவில்லை. இந்த மருந்து பூனைக்கும் மீனுக்கும் கொடிய விஷம். வீட்டில் பூனை இருந்தால் பொடி போட்ட பறவையின் பக்கம் வரவிடாதீர்கள். அந்தப் பறவை குளித்த தண்ணீர் மீன் இருக்கும் குளத்தில் கலக்கக் கூடாது.

மற்ற மூன்றிலும் பேன் கொஞ்சமாவது இருக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் போட்டோம். பொடி ஈரைக் கொல்லாது. ஈர் பொரிய 4 முதல் 7 நாள் ஆகும். பொரிந்த குஞ்சு முட்டையிடும் பருவம் வருவதற்குள் இன்னொரு முறை போட்டால்தான் சங்கிலி அறும். 7 முதல் 10 நாளில் இரண்டாம் முறை போடச் சொல்வது இதற்காகத்தான். ஒரு முறை போட்டதும் பூச்சி காணோம் என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் மாதம் தோறும் மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

டயட்டம் மண் (நுண்பாசிகளின் ஓடுகளாலான பொடி) தூவலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் தூவுவதில்லை. உலர்ந்திருந்தால்தான் அது வேலை செய்யும், கூஸ் வாத்து எப்போதும் ஈரத்தில் இருப்பது. அந்த நுண்தூசி பறவையின் மூச்சுக்கும் நல்லதில்லை.

பேன் பறவையின் மேலேயே வாழ்வது. சிவப்புச் செள்ளு வேறு மாதிரி. பகலில் கொட்டகை இடுக்கில் ஒளிந்து, ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். ரத்தமே கிடைக்காவிட்டாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். எனவே இருட்டிய பிறகு கைவிளக்கோடு போய்ப் பலகை இடுக்கு, கூட்டுப் பெட்டியின் மூலை எல்லாம் வெள்ளைக் காகிதத்தால் தேய்த்துப் பார்த்தோம். செள்ளு இருந்தால் காகிதத்தில் சிவப்புக் கோடு விழும். எங்களுக்கு விழவில்லை, அதனால் கொட்டகைக்கு மருந்தடிக்கவில்லை. வைக்கோலை மாற்றி, தரையைச் சுரண்டிக் காயவிட்டதோடு சரி.

அப்புறம் தொட்டி. இதைச் சரிசெய்யாமல் புள்ளிக்கு எத்தனை பொடி போட்டாலும் வீண்.

விரிசலை உளியால் ஆங்கில வி எழுத்து வடிவில் கொத்தி அகலப்படுத்தினோம். மேலோட்டமாகப் பூசினால் உதிர்ந்துவிடும். கொத்திய பள்ளத்தில்தான் கலவை பிடிக்கும். தூசியைத் தேய்த்துக் கழுவி, ஈரம் இருக்கும்போதே ஒரு பங்கு சிமென்ட்டுக்கு இரண்டு பங்கு சலித்த மணல், நீர்க்கசிவுத் தடுப்புக் கலவை சேர்த்து அமுக்கி நிரப்பினோம். மேலே ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் காயாமல் நனைத்துவந்தோம். புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்புக் காரம் தண்ணீரில் இறங்கும், அது கண்ணையும் பாதத் தோலையும் எரிக்கும். ஆகவே நிரப்பி, ஒரு நாள் ஊறவிட்டு, வடித்து, மறுபடி நிரப்பி என்று பலமுறை செய்த பிறகே வாத்துகளை விட்டோம். அதுவரை ஆழமான பிளாஸ்டிக் தொட்டிதான் குளியலறை.

இதே வேலையோடு அடியில் 2 அங்குல வடிகுழாயும் அடைப்பானும் வைத்தோம். கூஸ் வாத்தின் அழுக்கு கனமானது, அடியில் படியும். வாளியால் மேலே மொண்டு ஊற்றினால் அந்தக் கசடு நகராது. அடைப்பானைத் திறந்தால் கசடோடு எல்லாம் வெளியேறி மரத்தடிக்குப் போகிறது. இப்போது தினமும் தண்ணீர் மாற்றுவது பாரமாக இல்லை. உள்ளே ஏறி இறங்கச் செங்கல் படி, வெளியே சாய்வுப் பலகை. நனைந்த வாத்தால் செங்குத்தான விளிம்பில் ஏற முடியாது. எம்பும்போது காலைச் சுளுக்கிக்கொள்ளும். ஆழம் ஒன்றரை அடி. தலையும் கழுத்தும் மூழ்கி, உடம்பு மிதக்கும் அளவு இருந்தால் போதும். தொட்டியைச் சுற்றி ஒரு கஜ அகலத்துக்குச் சேற்றை வெட்டி எடுத்து, உருண்டைக் கூழாங்கல் பரப்பினோம். உடைத்த ஜல்லி போடக் கூடாது. அதன் கூர் பாதத்தைக் கீறும், கீறல் வழியே கிருமி இறங்கி உள்ளங்காலில் கறுத்த பொருக்கோடு கட்டி வரும். அதை ஆற்றுவது மாதக்கணக்கான பாடு.

குடிநீர்ப் பாத்திரத்தையும் ஆழமானதாக மாற்றினோம். மூக்குத் துளை வரை அலகை முக்க முடியாவிட்டால் மூக்கில் தீனி அடைக்கும், கண்ணில் பீளை கட்டும்.

புள்ளியை முதல் சில நாள் தனியாகக் குளிக்கவிட்டோம், மற்றவை தள்ளிவிடாமல் இருக்க. புதுத் தண்ணீரில் முக்கி முக்கி எழுந்து, வெகுநேரம் கோதிக்கொண்டே இருந்தாள். நடுக்கம் முதலில் நின்றது. முதுகிலும் பக்கவாட்டிலும் நீர் உருள ஆரம்பித்தது. அடிவயிற்றில் பேன் அரித்த இறகுகள் மட்டும் தொடர்ந்து நனைந்தன. அரிபட்ட இறகைக் கோதிச் சரிசெய்ய முடியாது, உதிர்ந்து புதிதாகத்தான் வர வேண்டும். அதுவரை ராத்திரியில் கனமான வைக்கோல் படுக்கை, மழை நாளில் கொட்டகைக்குள் என்று பார்த்துக்கொண்டோம். வாலுக்கடியில் ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்பதால் அந்த இடத்தைத் தினமும் பார்த்தோம். புது இறகு வந்த பிறகு அவளும் முத்து முத்தாக உதறுகிறாள்.

தீனி

இறகின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். அதைக் கட்டக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள், முக்கியமாக மெத்தியோனின், நிறைய வேண்டும். பெரிய வாத்துக்குச் சாதாரண நாளில் 14 முதல் 16 சதவீதப் புரதம் போதும், புல்தான் முக்கிய ஆகாரம். இறகு முளைக்கும் வாரங்களில் மட்டும் 17, 18 வரை ஏற்றி, பட்டாணியும் சூரியகாந்தி விதையும் சேர்த்தோம். இறகு முற்றியதும் பழைய அளவுக்கு இறக்கிவிட்டோம்.

வளரும் குஞ்சுகளுக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். முதல் 4 வாரம் 20 சதவீதம், பிறகு 15 என்று குறைக்க வேண்டும். குறைக்காமல் ஊட்டினால் இறக்கை நுனி இறகின் பாரம் தாங்காமல் வெளிப்பக்கம் திரும்பி நின்றுவிடும். ஆரம்பத்திலேயே சில நாள் கட்டுப்போட்டால் திருந்தும், எலும்பு முற்றினால் ஆயுசுக்கும் அப்படித்தான். நயாசின் என்ற வைட்டமின் குஞ்சுகளுக்குக் கூடுதலாக வேண்டும், தீனி ஒரு கிலோவுக்கு 65 மில்லிகிராம். கோழிக்குஞ்சுத் தீனியில் அவ்வளவு இருக்காது. கால் வளையும், இறகும் சரியாக வராது. புரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்) கலந்தால் ஈடுகட்டலாம். ரொட்டி எந்த வயதிலும் வேண்டாம். அப்புறம், புல் மேயும் பறவைக்கு அரைக்கச் சிறுகல் வேண்டும், தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

இறகு போனதோடு எடையும் போனால் காத்திருக்கக் கூடாது. வாத்தைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் எடை தெரியும். நன்றாகத் தின்றும் இளைத்தால் எச்சத்தைச் சோதிக்கக் கொடுங்கள். கூஸ் வாத்தின் அரைவைப் பையில் தங்கி ரத்தத்தைக் குறைக்கும் புழு ஒன்று உண்டு, குஞ்சுகளை அது கொன்றே விடும். எந்தப் புழுவென்று தெரிந்து, எடைக்கு ஏற்ப மருந்து கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். எச்சத்தில் ரத்தம், நொண்டல், வாய் திறந்த மூச்சு, தனியே தலையைச் செருகிப் படுத்தல் இவை எல்லாம் அன்றே போக வேண்டிய அறிகுறிகள்.

கழுத்து முறுக்கிக்கொள்வது, தள்ளாடுவது, திடீரென்று ஒன்றுக்கு மேல் சாவது என்றால் எதையும் வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸின் மூதாதை 1996-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் கண்டறியப்பட்டது ஒரு கூஸ் வாத்திடம்தான். காட்டுப் பறவைகள் வந்து இறங்கும் தண்ணீரை எங்கள் வாத்துகளுக்குக் கொடுப்பதில்லை.

வெள்ளச்சியின் பிடரிக் குச்சிகள் உதிர்வில் விழுந்து, இப்போது முளைகள் வரிசையாக நிற்கின்றன. அவை முற்றி இறகு முழுதாக மூடும் வரை வலைத் தடுப்பு இருக்கும். அடுத்த முட்டைப் பருவத்தில் பீமனை எல்லா நேரமும் சேர்த்து விடாமல், மூவரும் தொட்டியில் இருக்கும் நேரத்தில் மட்டும் விட்டுப் பார்க்கப்போகிறோம். தண்ணீரில் மிதக்கும்போது ஆணின் பாரம் பெட்டையின் முதுகில் முழுசாக இறங்காது.